மகளின் படிப்பும் என் வரிக்கழிவும்

வரி கட்டுவது நாட்டுக்குச் செய்கிற தொண்டு என்று சொன்ன சிலரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் சம்பளத்தில் வரி வெட்டுவதில்லை.

எனக்கு வெட்டுகிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறையில் சேர்க்கிற இழுவைப் படகில் நான் இயந்திரம் பார்ப்பவன். அடிப்படைச் சம்பளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓவர்டைம்தான் எங்கள் குலதெய்வம். ஞாயிற்றுக்கிழமை கப்பல் வந்தால் கும்பிடுவோம்; தீபாவளியன்று வந்தால் காவடி எடுக்கவும் தயார். நாட்டில் பெட்ரோலும் காசும் முடிந்துபோய், பிறகு வரி வரம்பைக் கீழே இறக்கினார்களே, அப்போது அந்தக் குலதெய்வமே என்னைக் காட்டிக்கொடுத்தது. ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால் வயிற்றுக்குத்து என்று படுத்துவிடுகிற ஆட்களெல்லாம் வரம்புக்குக் கீழே நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் வரம்புக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றேன், வெட்டுவதற்கு வசதியாக.

மகள் அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். அரச பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி அவளுக்கு மயிரிழையில் தவறியிருந்தது. மயிரிழை என்பது என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் வர்த்தகம் படிப்பிக்கும் என் மனைவியின் கணக்கில் அது கப்பல் கட்டுகிற கயிறு. எப்படியோ, கட்டணம் கட்டிப் படிக்கிற ஓர் இடத்தில் சேர்த்துவிட்டோம். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கம்பி, எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்கிற படிப்பு.

அந்தக் கட்டணத்தால் எனக்கு ஒரு நன்மையும் இருந்தது. கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மகளுக்குத் தவணைக் காசு கட்டோணும், தெரியும்தானே" என்று பெருமூச்சு விடுவேன். அவர்கள் செருப்பைத் திரும்ப மாட்டுவார்கள். கலியாணவீடு, விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம் எல்லாவற்றுக்கும் இதே பெருமூச்சுதான். ஊரிலே எனக்குப் பூரண வரிவிலக்கு இருந்தது. மிச்சமிருந்தது அரசாங்கம் மட்டும்.

அரசாங்கத்திடமும் கேட்கலாம் என்ற எண்ணத்தை என் தலைக்குள் போட்டவர் மனைவியின் தமையன். கனடாவில் இருக்கிறார். வாட்ஸப்பில் வந்தால் முகம் தெரியாது, நெற்றிதான் தெரியும்.

"மச்சான், இஞ்சை பிள்ளை காலேஜுக்குக் கட்டுற காசிலை ஒரு பகுதியைத் தகப்பன்ரை வரியிலை கழிக்கலாம்," என்றது நெற்றி. "நான் மூத்தவன்ரை படிப்பைக் காட்டிக் கழிச்சனான். உங்கையும் அப்பிடி ஒண்டு இருக்கும். நீ வாயைத் திறந்து கேக்காட்டி ஆர் தரப்போறான்?"

"உங்கை தருவாங்கள். இஞ்சை கேட்டால் இருக்கிறதையும் பறிப்பாங்கள்."

"விசர்க் கதை கதையாதை. இப்ப எல்லாம் மாறியிருக்கும்."

நாட்டை விட்டுப் போனவர்களுக்கு நாட்டின்மீது இருக்கிற நம்பிக்கை ஆச்சரியமானது. உள்ளே இருக்கிற எங்களுக்கு அது வாய்ப்பதில்லை. ஆனாலும் ஆசை விட்டதா? மனைவியிடம் கேட்டேன்.

"முந்தி அப்பிடி ஒரு சலுகை இருந்தது," என்றாள். "இப்ப இருக்கோ தெரியாது. ஒருக்காப் போய்க் கேளுங்கோ. கேக்கிறதுக்கு வரி இல்லை."

அன்று பின்னேரமே குசினி மேசையில் பற்றுச்சீட்டுகளைப் பரப்பினேன். தவணைக் கட்டணம், போர்டிங் வாடகை, மடிக்கணினி, மூக்குக்கண்ணாடி என்று நல்லபடியாகத்தான் தொடங்கியது. பிறகு எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. மனைவி சிவப்புப் பேனாவோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"கரப்பான்பூச்சி மருந்துக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"கரப்பானுக்குப் பயந்து அவள் கதிரைக்கு மேலை ஏறி நிண்டால் எப்பிடிப் படிக்கிறது?"

அதை வெட்டினாள். பல் பிடுங்கிய சீட்டையும் வெட்டப் போனாள்.

"அது ஞானப்பல்," என்றேன்.

அதுவும் எடுபடவில்லை.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சேர்ட்டோடு ரவுணுக்குப் போனேன். வரி இலாகாக் கந்தோர் திறக்க நேரமிருந்தது. எதிரே இருந்த தேநீர்க்கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பையைக் கைப்பிடியில் கொழுவிவிட்டு ஒரு பிளேன்ரீ சொன்னேன். பக்கத்தில் தரிப்பிடத்து ஓட்டோக்காரர் ஒருவர் என் வெள்ளைச் சேர்ட்டைப் பார்த்து, கலியாணவீடோ என்று விசாரித்தார். மகளின் படிப்புச் செலவை வரியில் கழிக்கப் போகிறேன் என்று விளக்கம் கொடுத்தேன். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

மற்ற ஊர்களில் மான்கள் காட்டில் இருக்கும். எங்கள் மான்களுக்குக் காடு பிடிப்பதில்லை. கோட்டைப் பக்கம் படுத்தெழும்பி, விடிந்ததும் கடற்கரை, பஸ் நிலையம், சந்தை என்று ஓய்வூதியகாரர் மாதிரி ஒரு சுற்று வரும். வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் மரக்கறிப் பையைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொள்வோம். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அன்றைக்கு மறந்துபோனேன்.

"அண்ணை, உங்கடை கடதாசி!" என்று ஓட்டோக்காரர் கத்தினார்.

திரும்பிப் பார்த்தால் ஒரு கலைமான், நல்ல கொம்பு, பைக்குள் தலையை விட்டு ஒரு கட்டுப் பற்றுச்சீட்டைக் கவ்விக்கொண்டு நின்று மெல்லுகிறது. ஓடிப்போய் எட்டிப் பிடித்தேன். ஒரு முனை என் கையில், மறுமுனை அதன் வாயில். இழுப்பது என் தொழில். ஆயிரக்கணக்கான தொன் கப்பல்களை அசைத்திருக்கிறேன். ஆனாலும் மான்தான் வென்றது. போர்டிங் வாடகைச் சீட்டுகள் முழுவதும் அதன் வயிற்றுக்குள் போய்விட்டன. முதல் தவணைக் கட்டணச் சீட்டில் பாதி என் கையில் மிஞ்சியது, எச்சிலோடு.

தேநீர்க்கடை முழுவதும் சிரித்தது. ஓட்டோக்காரர் மட்டும் முகத்தைத் துக்கவீட்டுக்காரர் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்: "கவலைப்படாதேங்கோ அண்ணை. எப்பிடியும் நாளைக்கு மான் கழிக்கும். அள்ளிக்கொண்டு போய் வரிக்கழிவு எண்டு குடுங்கோ."

கந்தோரில் என்னைக் கூப்பிட்ட அதிகாரிக்கு என் மனைவியின் வயதிருக்கும். மரியாதையான பெண். மகளுடைய அலுவலாக வந்திருக்கிறேன் என்று தொடங்கினேன். பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்கு வரி இலக்கம் எடுக்க அந்த நாட்களில் தாய் தகப்பன் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"மகள் வேலை செய்யிறாவோ, இல்லாட்டி உங்களிலையோ தங்கியிருக்கிறா?"

"இல்லை மிஸ், வெள்ளவத்தையிலை தங்கியிருக்கிறா."

"அதில்லை ஐயா. ஆரிலை தங்கியிருக்கிறா?"

"ஒரு வீட்டுக்கார அம்மா இருக்கிறா. நல்ல மனுசி. வாடகைதான் கொஞ்சம் கூட."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கடை உழைப்பிலையோ அவ சீவிக்கிறா எண்டு கேக்கிறன்."

"ஓம், ஓம்! முழுக்க என்னிலைதான்!" என்றேன். வாங்கில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். "அவளின்ரை சோறு, சீலை, படிப்பு, பஸ் காசு, எல்லாம் இந்த முதுகிலைதான்."

சொல்லிவிட்டுப் பையைத் திறந்து வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பாதிச் சீட்டை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது?"

"மான், மிஸ்."

"ஆ," என்றார். ஊர்க்காரிதான். "போன கிழமை என்ரை மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோட்டுது."

பிறகு விளக்கினார். முன்பு ஒரு சலுகை இருந்ததாம். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் போன்ற சில செலவுகளை ஓர் அளவுக்குக் கழிக்கலாமாம். சட்டத்தை மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்களாம்.

"அந்தச் சலுகை இருந்த காலத்திலை கட்டின காசையாவது கழிக்க ஏலாதோ? இந்த முதல் தவணை அப்ப கட்டினதுதான்."

"அப்ப உங்களுக்கு வரி வெட்டினவையோ, ஐயா?"

"இல்லை. அப்ப வரம்பு நல்ல மேலை இருந்தது."

"அப்ப எதிலையிருந்து கழிக்கிறது?"

சலுகை இருந்தபோது எனக்கு வரி இல்லை. வரி வந்தபோது சலுகை இல்லை. இரண்டும் சந்தித்துவிடக்கூடாது என்று யாரோ கண்ணும் கருத்துமாகப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். எழும்பப் போன என்னிடம், மகள் இன்னும் வரி இலக்கம் எடுக்கவில்லை என்றால் வீட்டிலிருந்தே இணையத்தில் எடுக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். கழிக்கப் போன இடத்தில் கூட்டிவிட்டார்கள் என்று புறுபுறுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடற்கரையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி மகளுக்குப் போன் அடித்தேன்.

"பிள்ளை, உனக்கும் வரி இலக்கம் எடுக்கோணுமாம்."

"எனக்கு இருக்கப்பா. போன வருசமே எடுத்திட்டன்."

"அதென்ன அவசரம்? பெரிய உழைப்பாளி மாதிரி."

மறுபக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள், "கோவிக்கக்கூடாது. நான் உழைக்கிறன்தான்."

கதை இதுதான். கனடா மச்சானுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு சின்னதுகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் வராது. மகள் இணையத்தில் அவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கியிருக்கிறாள். பிறகு அவர்களின் சிநேகிதப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். பிறகு அந்தச் சிநேகிதரின் மச்சாள்மார், லண்டனிலே யாரோ, நோர்வேயிலே யாரோ. இப்போது கிழமையில் பல நாள் வகுப்பு. போர்டிங் வாடகையும் சாப்பாடும் தன் காசில்தானாம், வெகு நாளாக.

"மாமா காசு தாறவரோ?" இதுதான் எனக்கு முதல் கேட்க வந்தது.

"மாமா மட்டும் பாதி. சொந்தக்காரராம்."

"அப்ப நான் மாசம் மாசம் உனக்கு அனுப்புற வாடகைக் காசு?"

"அம்மாட்டைத் திருப்பி அனுப்புறனான்."

மான் தின்ற வாடகைச் சீட்டுகள் நினைவுக்கு வந்தன. அந்த வாடகையை நான் கட்டவேயில்லை. சற்று முன்புதான் ஓர் அரச கந்தோரில் நாலு பேர் கேட்க, எல்லாம் இந்த முதுகில்தான் என்று முழங்கியிருக்கிறேன். அந்த மிருகம் மட்டும் குறுக்கே வராவிட்டால் மகளுடைய காசை என் செலவென்று அந்த மேசையில் நீட்டியே இருப்பேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. காசு வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் களவு போன வீட்டுக்காரன் மாதிரி இருந்தது எனக்கு. முழங்கால் நோவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திர அறைக்குள் இறங்கும்போதெல்லாம், பிள்ளைக்காக இறங்குகிறேன் என்று ஒரு நினைப்பு இருக்கும். அந்தச் சூட்டுக்கும் எண்ணெய் மணத்துக்கும் அது நல்ல மருந்து. இப்போது மருந்தைப் பறித்துவிட்டு நோவை மட்டும் விட்டுவைத்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் வேலையில் நான் யாரோடும் கதைக்கவில்லை. முந்தின நாள் லீவில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, படகில் எல்லோரும் எனக்குச் சலரோகம் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, தேநீரைச் சீனி இல்லாமல் கொடுத்தார்கள். அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

முந்தின இரவு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்; அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு காலமா உனக்குத் தெரியும்?"

"தொடக்கத்திலிருந்து," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"ஏன் எனக்குச் சொல்லயில்லை?"

"சொன்னால் அடுத்த நாள் துறைமுகம் முழுக்கத் தெரியும். அதுக்கு அடுத்த நாள் கோயில்காரர் வருவினம்."

"நான் அவளின்ரை தகப்பன்."

"ஓம். அதுதான். 'படிக்கப் போனவளோ, படிப்பிக்கப் போனவளோ' எண்டு நிண்டு கத்துவீங்கள்."

அன்று முழுவதும் இயந்திர அறையில் நான் தயார்பண்ணி வைத்திருந்த வசனம் அதுதான். எழுத்துப் பிசகாமல் அவளே சொல்லிவிட்டாள். கலியாணம் கட்டி இத்தனை வருஷமானால் சண்டை பிடிக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. "காசு எங்கை?" என்று மட்டும் கேட்டேன்.

"வங்கியிலை, வட்டியோடை இருக்கு. தாளைத் திருத்த விடுங்கோ."

விடுமுறைக்கு மகள் வந்தாள். பஸ் நிலையத்தில் போய் ஏற்றினேன். வீடு வரும்வரை மழையைப் பற்றியும் ஹபரணையில் பஸ்ஸை மறித்த யானையைப் பற்றியும் கதைத்தோம். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"இன்னும் கோவமோ?"

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் உழைச்சது பிழை."

"உழைக்கிறதுக்கு ஆராவது அனுமதி கேக்கிறதோ அப்பா? களவெடுக்கிறதுக்குத்தான் கேக்கோணும்."

"களவெடுக்கிறவனும் கேக்கமாட்டான்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கள் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் போறீங்கள் எண்டு அம்மா சொன்னவ. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க ஏலாமல் போச்சு. இனித் தவணைக் காசையும் நானே கட்டுறன். நீங்கள் ஞாயிறு வீட்டை நில்லுங்கோ."

ஒரு தகப்பன் இந்த இடத்தில் நெகிழ்ந்துபோக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நெகிழத்தான் செய்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஞாயிறு வீட்டை நிண்டு நான் என்ன செய்யிறது? கொம்மாவோடை தாள் திருத்திறதோ?"

மேசையைச் சுற்றி ஒரு பேரம் நடந்தது. மீன் சந்தையில்கூட இவ்வளவு நேரம் எடுக்காது. வாடகையும் சாப்பாடும் அவளுக்கு. தவணைக் கட்டணம் எனக்கு. அதை விடமாட்டேன் என்று நின்றேன். வங்கியில் கிடப்பதைக் கடைசி வருஷத்துக்கு எடுப்பது. மாதத்தில் பாதி ஞாயிறுகள் நான் வேலைக்குப் போவதில்லை. மாமாவிடம் முழுக் காசும் வாங்குவது. இது நான் போட்ட நிபந்தனை. இதில் மட்டும் மூன்று பேருக்கும் உடனடியாக உடன்பாடு ஏற்பட்டது. கோயில்காரருக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்ற என் மற்ற நிபந்தனையை, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று மனைவி நிராகரித்தாள். அந்த வருஷத் திருவிழாவில் ஒருநாள் அன்னதானம் எங்கள் பெயரில் நடந்தது. ஊர் கொடுத்த வரிவிலக்கும் போயிற்று.

விடுமுறையிலும் வகுப்பு நிற்கவில்லை. கனடாவில் பின்னேரமாகும்போது எங்களுக்கு விடிகிற நேரம். முன்னறையில் சிக்னல் சரியில்லை என்று மகள் குசினியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு படிப்பித்தாள். தேத்தண்ணீர் போடப் போன நான் வாசலில் நின்றுவிட்டேன். பெட்டி பெட்டியாகக் கொழுத்த பிள்ளை முகங்கள். பாடம் துறைமுகத்தைப் பற்றியது. கப்பல், நங்கூரம், கலங்கரை விளக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், இழுவைப் படகு என்றதும் என்னைக் கண்டுவிட்டாள்.

"பிள்ளையள், இழுவைப் படகிலை வேலை செய்யிற ஒராள் இஞ்சையே நிக்கிறார். அப்பா, வாங்கோ. தூசணம் கதைக்காமல் சொல்லுங்கோ."

சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் இருந்தேன். பெரிய கப்பலுக்குத் துறைமுகத்துக்குள் தானாகத் திரும்ப இடம் காணாது, நாங்கள் போய் முட்டி முட்டித் தள்ளித் திருப்புவோம் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினேன். இயந்திரம் போடுகிற சத்தத்தையும் போட்டுக் காட்டினேன். பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம். மச்சானின் கடைக்குட்டி கையை உயர்த்தினான்.

"மாமா, அந்த போட்டிலை டொய்லட் இருக்கோ?"

"இருக்கு மகன். ஆனால் தண்ணி வராது."

"அப்ப எப்பிடிப் போறது?"

"கடல் எவ்வளவு பெரிசு…" என்று தொடங்கினேன். மகள் எட்டி ஒரு பொத்தானை அமத்தினாள். நான் தொடர்ந்து விளக்கிக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் ஏன் காதைக் காதைக் காட்டுகிறார்கள் என்று யோசித்தபடி.